12 வோல்ட் அடாப்டர் போர்டு: அந்த ஆறு கால் ஐசி எது?

நான்: [2 படங்கள்] 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர். ஃபியூஸ் நல்லா இருக்கு, பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் டிசி வருது. அவுட்புட் மட்டும் 4 வோல்ட் வரை ஏறி விழுது, திரும்ப ஏறுது. போர்டுல மூணு பார்ட்ஸ் எதுன்னே தெரியல. ஆறு கால் குட்டி ஐசி, மேல நாலு எழுத்து. டிரான்சிஸ்டர் மாதிரி 431-னு ஒண்ணு. ஹீட்சிங்க்ல மூணு கால்ல ஒண்ணு.

பெரிய மாமா: பிளக்கைப் புடுங்கினதும் கை வைக்காதே மாப்ள. 2.2 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் வயர்ல சால்டர் பண்ணி, அந்தக் கெப்பாசிட்டரோட ரெண்டு கால்லயும் 10 விநாடி பிடி. மீட்டர்ல 5 வோல்ட்டுக்குக் கீழ வந்ததைப் பாத்துட்டு வேலை ஆரம்பி. ஸ்க்ரூ டிரைவர்ல ஷார்ட் பண்ணினா டிராக்கே பிஞ்சிடும்.

சித்தி: 431 டிரான்சிஸ்டர் இல்லடா, டிஎல்431. 2.5 வோல்ட் ரெஃபரன்ஸ், அவுட்புட் வோல்ட்டை ஒப்பிட்டுப் பாக்கற அளவுகோல். பக்கத்துல அவுட்புட்டுல இருந்து வர ரெண்டு ரெசிஸ்டர் என்ன நம்பர்?

நான்: 3832, 1002.

சித்தி: கடைசி இலக்கம் எத்தனை சைபர்னு சொல்லும், அப்போ 38.3 கிலோ ஓம், 10 கிலோ ஓம். ரெண்டையும் கூட்டி 10-ஆல வகுத்தா 4.83. 2.5-ஐ அதால பெருக்கு, 12.07 வோல்ட். அப்போ அது 431-தான், சந்தேகமே வேண்டாம். தட்டைப் பக்கம் உன்னைப் பாத்து, கால் கீழ இருந்தா இடமிருந்து ரெஃபரன்ஸ், ஆனோடு, கேத்தோடு. போர்டு மேலயே சால்டர் பண்ற சின்ன எஸ்எம்டி-ல மட்டும் ஜாக்கிரதை. டிஎல்432-ம் அதே வேலைதான் செய்யும், கால் வரிசை வேற.

அண்ணன்: ஹீட்சிங்க்ல இருக்கறது டிரான்ஸ்ஃபார்மருக்கு அவுட்புட் பக்கம்தானே? அப்போ அது ஷாட்கி டயோடு, வோல்ட் கம்மியா விழற வகை. ஒரே உடம்புல ரெண்டு டயோடு, ஓரக்கால் ரெண்டும் ஆனோடு, நடுக்கால் கேத்தோடு. டயோடு மோடுல ஒரு பக்கம் 0.2 கிட்ட காட்டணும். ரெண்டு பக்கமும் பூஜ்யம்னா ஷார்ட். இப்படி ஏறி விழறதுக்கு அதுவும் காரணமாகலாம், முதல்ல அதைப் பாரு.

நான்: 0.18. திருப்பிப் பிடிச்சா கொஞ்சம் ஏறி ஓப்பன்.

அண்ணன்: நல்லா இருக்கு. ஏறினது அவுட்புட் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆனது.

நான்: ஆறு கால் ஐசி எழுத்தைத் தேடினா நாலு வேற வேற ஐசி வருது.

சித்தி: அதுதான் மாஸ்ஃபெட்டை, அதாவது கரன்ட்டை ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்சை, ஓட்டற கன்ட்ரோலர் ஐசி. அந்த எழுத்தை நம்பி ஐசி வாங்கிடாதே. அவ்வளவு சின்ன உடம்புல முழு நம்பர் அச்சடிக்க இடம் இல்ல, ஒரே எழுத்தைப் பல கம்பெனி போடும். ஒவ்வொரு காலும் எங்க போகுதுன்னு பாரு, காலோட பேரு தானா வரும். அவுட்புட் சேதியை வெளிச்சத்தால இந்தப் பக்கம் கடத்தற ஆப்டோகப்ளரோட 4-ம் காலுக்குப் போறது ஃபீட்பேக். சின்ன ரெசிஸ்டர் வழியா மாஸ்ஃபெட் கேட்டுக்குப் போறது டிரைவ். மாஸ்ஃபெட் சோர்ஸ்ல 1 ஓம் மாதிரி ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அங்க இருந்து வர்றது கரன்ட் சென்ஸ். பெரிய கெப்பாசிட்டர் மைனஸ்ல நேரா உட்கார்ந்தது கிரவுண்டு. சின்ன எலக்ட்ரோலிட்டிக் பிளஸ்ல இருக்கறது விடிடி, ஐசிக்கு சோறு போடற கால்.

பெரிய மாமா: பீப் சத்தத்தை மட்டும் வச்சு டிராக் தேடாதே. பல மீட்டர் 30, 50 ஓம் வரைக்கும் கத்தும். டிரான்ஸ்ஃபார்மர் காயில், சோக், 1 ஓம் ரெசிஸ்டர் எல்லாத்துக்கும் பீப் வரும், தனித்தனி டிராக்கை ஒண்ணுன்னு வரைஞ்சிடுவே. ஓம் ரேஞ்சுல 0.2, 0.3 காட்டினாலும் நடுவுல காயில் இருக்கான்னு கண்ணால பாத்துடு.

அண்ணன்: சால்டர் பக்கப் படத்தை இடவலமா திருப்பி, பார்ட்ஸ் பக்கப் படத்து மேல பாதி மங்கலா வச்சுப் பாரு. ஒத்தை லேயர் போர்டுன்னா பின்னாடி டார்ச் அடிச்சாலே டிராக் தெரியும்.

நான்: விடிடி கால் கிடைச்சிடுச்சு. அங்க இருந்து ரெண்டு 1 மெகா ஓம் சீரிஸ்ல 325-க்குப் போகுது. இன்னொரு டயோடு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகுது. ஒரே 2 மெகா போட்டிருக்கலாமே?

சித்தி: 1206-ங்கற எஸ்எம்டி சைஸ் ரெசிஸ்டர் பொதுவா 200 வோல்ட்தான் தாங்கும், அதான் ரெண்டாப் பிரிச்சிருக்காங்க. அந்த ரெண்டும் ஸ்டார்ட்டப், ஐசியை முதல்ல எழுப்பற ரெசிஸ்டர். ஓப்பன் ஆனா ஐசி எழுந்திரிக்கவே செய்யாது. உன்னோடது எழுந்திரிக்குது, ஆனா நிக்கல. அந்த டயோடு, பக்கத்துல இருக்கற எலக்ட்ரோலிட்டிக் ரெண்டுலதான் சந்தேகம்.

பெரிய மாமா: 60 வாட் இழை பல்பை மெயின்ஸ் லைன்ல சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணி விடிடி பாரு. கறுப்பு ப்ரோப் பெரிய கெப்பாசிட்டர் மைனஸ்ல. அவுட்புட் மைனஸ்ல வச்சா அளவு சும்மா ஆடும், ரெண்டு பக்கத்துக்கும் கிரவுண்டு வேற. மீட்டர் கம்பி ரெண்டையும் ஆன் பண்றதுக்கு முன்னாடியே மாட்டிடு. அந்தப் பக்கம் முழுக்க மெயின்ஸோட ஒட்டினது.

நான்: 15-ஐத் தாண்டி ஏறுது, 9 கிட்ட விழுது, திரும்ப ஏறுது.

சித்தி: அப்போ எலக்ட்ரோலிட்டிக் காஞ்சு போச்சு. ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர் தர்றது மைக்ரோ ஆம்ப் கணக்கு. ஐசி ஓட ஆரம்பிச்சதும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து சப்ளை வர்ற வரைக்கும் அந்தக் கெப்பாசிட்டர்தான் தாங்கணும். உப்பாமலே காயும், கண்ணால பாத்து நம்பாதே. டயோடையும் கழட்டி அளந்துடு.

நான்: டயோடு 0.58, சரி. 22 மைக்ரோ 50 வோல்ட் கெப்பாசிட்டர் வெளியில எடுத்தா 1.4 மைக்ரோதான் காட்டுது. புதுசு, 105 டிகிரி போட்டேன். 12.06 நிக்குது!

அண்ணன்: லோடு போட்டுப் பாரு. 12 வோல்ட் 21 வாட் பல்பு வேண்டாம், குளிர்ந்த இழை ரொம்ப கரன்ட் இழுக்கும், சப்ளை திரும்ப ஏறி விழும், நீ பழைய பழுதுன்னு நினைச்சுக்குவே. 10 ஓம் 25 வாட் ரெசிஸ்டர் போடு, 1.2 ஆம்ப் இழுக்கும். அதுவே 14 வாட் சூடாகும், தகரத்து மேல வை.