வெயில் ஏற ஏற அலைநீளம் நகர்கிறது: ஒளிநார் விகார உணரி

உப்புவெளியான்:
வணக்கம். திருகோணமலை உட்துறைமுகத்தில் ஓர் இறங்குதுறையின் உருக்கு பீமில், விகாரத்தை (சுமையால் வரும் நீட்சி, சுருக்கத்தை) அளக்க பிராக் கிரேட்டிங் உணரி ஒட்டியிருக்கிறோம். ஒளிநாருக்குள் எழுதிய நுண்கோடுகள் இவை; ஓர் அலைநீள ஒளியை மட்டும் திருப்பியனுப்பும், நார் நீண்டால் அந்த அலைநீளம் கூடும். நீளம் 10 மி.மீ., அலைநீளம் 1550 நானோமீற்றர், நாரின்மேல் அக்ரிலேட் பூச்சு. சுமை ஏதும் இல்லாமலே காலைக்கும் மதியத்துக்கும் இடையில் அலைநீளம் 0.31 நானோமீற்றர் கூடுகிறது. உருக்கு 27 பாகையிலிருந்து 40க்குச் சூடாகிறது. திரும்பும் ஒளியின் உச்சியும் இரண்டாகப் பிளக்கிறது. உணரி பழுதா?

கொட்டியாரம்:
நகர்வு பழுதில்லை. உருக்கில் ஒட்டிய கிரேட்டிங் பாகைக்கு ஏறத்தாழ 24 பிக்கோமீற்றர் நகரும். நாரின் சொந்தப் பங்கு 10; மிச்சம் உருக்கு விரிந்து நாரை இழுப்பதால் வருவது. 13 பாகைக்கு 312 பிக்கோமீற்றர், அதாவது 0.31 நானோமீற்றர். உங்கள் அளவீடு அதேதான். இதைச் சுமை என்று எடுத்தால், மைக்ரோ விகாரத்துக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) 1.2 பிக்கோமீற்றர் வீதம் 260 மைக்ரோ விகாரம் வரும். அது உருக்கில் 52 மெகாபாஸ்கால் தகைப்பு (பரப்பலகுக்கு வரும் விசை)! சுமையில்லாத பீமில் அது எங்கிருந்து வரும்?

வெப்பத்தால் வரும் நகர்வை நீக்க, பலர் குழாய்க்குள் தளர்வாக இன்னொரு கிரேட்டிங்கை விட்டு, அதன் நகர்வைக் கழிப்பார்கள். அதனால் அந்த 10 மட்டுமே போகும், உருக்கின் விரிவு அப்படியே நிற்கும். அதே உருக்கில் ஒரு துண்டு வெட்டி, அதே பசையால் இரண்டாவது கிரேட்டிங்கை ஒட்டுங்கள். துண்டை ஒரு முனையில் மட்டும் பிடித்து, பீமுக்குப் பக்கத்தில், அதே வெயிலில் வையுங்கள். பீமின் நகர்விலிருந்து துண்டின் நகர்வைக் கழித்தால் நாரின் பங்கு, உருக்கின் விரிவு இரண்டும் போகும். பீமின் இரு முனையும் இறுகியிருந்தால் வெப்பத்தால் வரும் அமுக்கம் உண்மையானது. அதையும் இந்தக் கழிப்பு காட்டும்.

சல்லி:
பிளவுக்குக் காரணம் பசை. ஒரு பக்கம் தடிப்பாக இறுகி நாரை நெரிக்கிறது, அல்லது கிரேட்டிங் முழுவதும் ஒரே அளவில் இழுபடவில்லை. அக்ரிலேட் மென்மையானது, வெயிலில் வழுகும், விகாரத்தை முழுதாக நாருக்குக் கடத்தாது. அதைவிட விறைப்பான பொலியிமைட் பூச்சுள்ள நாரை எடுங்கள். முன்பு பூச்சை உரித்து, புறஊதா லேசரால் எழுதி, மறுபடி பூசுவார்கள். உரித்த இடமே முறியும். இப்போது ஃபெம்டோசெக்கன் லேசரால் பூச்சு உரியாமலே எழுதுகிறார்கள். நார் இழுக்கப்படும்போதே, பூச்சுக்கு முன் எழுதியவையும் உண்டு. இரண்டும் உறுதி குறையாதவை.

பீமைத் துருவின்றித் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த கையோடு ஒட்டுங்கள். எப்பொக்சிப் பசை மெல்லிய படையாக, கிரேட்டிங்கைத் தாண்டி இரு பக்கமும் 20 மி.மீ. வரை போகவேண்டும், குமிழி இருக்கக் கூடாது. அமுக்கமும் அளக்க வேண்டுமானால் அலைநீளம் 1 நானோமீற்றர் கூடும்வரை நாரை இழுத்துவைத்து ஒட்டுங்கள். பொலியிமைட் ஈரத்தில் ஊதும், அதுவும் அலைநீளத்தை நகர்த்தும். ஆகவே மேலே பியூட்டைல் ரப்பர், அதன்மேல் உலோக மூடி. கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கும் காலத்தில் செய்வது நல்லது, வாடையில் (மழை தரும் வடகிழக்குக் காற்றில்) உருக்கு காயாது.

உப்புவெளியான்:
பழையதைச் சுரண்டி எடுக்கவா?

சல்லி:
வேண்டாம். சுரண்டினால் கேபிளையும் சேர்த்து அறுப்பீர்கள். புதியதைப் பக்கத்தில் ஒட்டி, பழையதன் இணைப்பியைக் கழற்றி மூடிவிடுங்கள்.