தள்ளி நின்ற கிடேரி

வெருலம்வாசி:
தென்னாப்பிரிக்கா, ஜூலுலாந்துல ஒரு முள்ளுக்காட்டு வனவிலங்கு ஒதுக்கம். காலையில மாடு எண்ணிக்கை சரி. ஒரு கிடேரி மட்டும் மந்தைக்குத் தள்ளி, அசைபோடாம நின்னுச்சு. நோட்டுல 'குறை இல்லை'. சாயங்காலம் அதே கிடேரி, இல்லாத கயிறைத் தாண்டுற மாதிரி முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வச்சு நடக்குது. உண்ணி கடிச்சு வர்ற ஹார்ட்வாட்டர் நோய். காய்ச்சல் 41.6 டிகிரி செல்சியஸ். ஊசி போட்டும் ராத்திரியே வலிப்பு, காலாலே காத்தைத் துழாவித் துழாவிச் செத்துச்சு. அறுத்தா இதயப் பையில வைக்கோல் நிற நீர். அந்த உண்ணி இல்லாத மேட்டுநிலத்துல இருந்து வந்து 19 நாள்தான். அந்த நடை கண்ணைவிட்டுப் போகல.

கரும்புத்தோட்டம்:
அண்ணே, நீரை மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க. மூளைத் துணுக்கைக் கண்ணாடியில நசுக்கி, சாயம் போட்டுப் பார்த்தாத்தான் உறுதி. ஹ்லுஹ்லுவே பக்கம் ஒரு பசு, காதுக்குக் கீழ நெல்லிக்காய் மாதிரி கட்டி, மூக்குல நுரை. காட்டெருமைகிட்டேர்ந்து வர்ற காரிடார் நோய். பழுப்பு உண்ணி காதுக்குள்ள கொத்துக் கொத்தா இருந்துச்சு, யாரும் காதைப் புரட்டிப் பார்க்கல. ஹார்ட்வாட்டருக்குப் போடுற ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி இதுக்குக் கேட்காது. பிழைச்ச மாடு நோயைச் சுமக்கும்னு இங்க வைத்தியம் பண்ணவே விடமாட்டாங்க; அரசு கால்நடை மருத்துவருக்குத்தான் சொல்லணும்.

வெருலம்வாசி:
காட்டெருமையே இல்லாத ஒதுக்கம், தம்பி. மூளையும் பார்த்தாச்சு.

லேடிஸ்மித் அக்கா:
செத்ததைப் பத்தியே பேசுறீங்க. அது போகட்டும். வெயில் ஏறுமுன்ன, மாடு படுத்திருக்கும்போதே போங்க. நல்ல மாடு எழுந்ததும் முதுகை நெளிச்சு சோம்பல் முறிக்கும், முறிக்காததைக் குறிச்சுக்குங்க. இடப்பக்கம் விலாவுக்குப் பின்னால குழிஞ்சிருந்தா மேயலன்னு அர்த்தம். தெர்மாமீட்டர்ல கயிறு கட்டி, கிளிப்பை வால்மயிர்ல மாட்டுங்க. ஆசனவாய்க்குள்ள விட்டா நுனி குடல் சுவரைத் தொடணும். சாணிக்குள்ள சொருகினா குறைச்சுக் காட்டும். 2 நிமிஷம் வைங்க. 38 முதல் 39.3 வரை சரி. மத்தியானம் ஓட்டிப் பிடிச்சா நோயில்லாததும் 40 காட்டும். புது மாட்டுக்கு முதல் ஒரு மாசம் தினமும் காலையில பாருங்க. 39.5 தாண்டி, வேற காரணம் தெரியலன்னா அன்னைக்கே ஆக்சிடெட்ராசைக்ளின் ஊசி. நடை மாறினப்புறம் போடுறது பெரும்பாலும் வீண். கிலோவுக்கு 10 மி.கி., அதாவது மி.லி.க்கு 100 மி.கி. இருக்கிற மருந்துன்னா 350 கிலோ மாட்டுக்கு 35 மி.லி. கண்மதிப்புல எடை போட்டுத்தான் பாதிப் பேர் குறைச்சுப் போடுறாங்க. எடை தெரிய மார்புச் சுற்றளவை நாடாவால அளங்க.

கரும்புத்தோட்டம்:
அக்கா, முதல்ல உண்ணியை நிறுத்தினா இதெல்லாம் எதுக்கு? வாராவாரம் முதுகுல ஊத்து மருந்து.

லேடிஸ்மித் அக்கா:
ஒதுக்கத்துலயா? பைரித்ராய்டு வகை மருந்தை ஊத்தினா சாணிவண்டு சாகும், சாணி காஞ்சு அப்படியே கிடக்கும். ஆர்கனோபாஸ்பேட் வகைன்னா உண்ணி கொத்துற சிவப்பலகுக் குருவியும் சாகும். மாட்டை முக்கி எடுக்கிற டிப் தொட்டியில அமிட்ராஸ்ங்கிற உண்ணி மருந்தைக் கலக்குங்க, அதுவும் உண்ணியை எண்ணிப் பார்த்துட்டு.