ஊதா மேடை வெளிச்சம் அச்சில் மங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மாணவர் இசை இதழை இன்டிசைனில் வடிவமைக்கிறோம். ஏ4, 16 பக்கம் (நடுவில் பின் அடிப்பதால் நான்கின் மடங்கு), சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்). தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறியது, 'வேர்ல்ட்-ரெடி' பாராகிராஃப் கம்போசருக்கு மாற்றியதும் சரியானது. தமிழில் தொடங்குபவர்கள் முதலில் செய்யவேண்டியது அதுதான்.

சிக்கல் கச்சேரிப் படங்களில். எல்இடி விளக்கின் ஊதாவும் அடர்நீலமும் ஆர்ஜிபியில் (திரையின் நிறமுறை) பளிச்சென்று இருக்கின்றன. சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறமுறை) ஆக்கியதும் பாடகியின் கன்னத்து ஓரம் சாம்பல் பூத்துவிடுகிறது. அந்த நிறங்கள் நான்கு மைகளின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அதனால் போட்டோஷாப்பில் கன்ட்ரோல்+ஒய் போட்டு, அச்சு நிறத்தைப் பார்த்தபடியே திருத்துகிறோம். மொத்தமாக சாச்சுரேஷனைக் குறைத்தால் மிருதங்கத் தோலின் நிறமும் செத்துப்போகிறது. நீலத்தை மட்டும் இழுக்க செலக்டிவ் கலர் நல்லதா, மாஸ்க் போட்ட ஹியூ/சாச்சுரேஷனா? ஆர்ட் பேப்பருக்கு எந்த நிற புரொஃபைல்? ஆஃப்செட் அனுபவமுள்ளவர்கள் அளவுகளோடு சொன்னால் பெரிய உதவி.