ஜென்னி ஏரி: சின்னப் பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மாவோடு எப்படி நடப்பது?

கேள்வி:
ஜூலை கடைசியில் வயோமிங், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். ஜென்னி ஏரிக்கென்று ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறோம். பெரியவனுக்கு 9 வயது, சின்னவளுக்கு 5. கூட வரும் அம்மாவுக்கு 64 வயது, இறக்கத்தில் முழங்கால் வலிக்கும். ஏரியை முழுதாகச் சுற்றிவர முடியுமா? படகில் போவதா, வருவதா? கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான்) வாங்கத்தான் வேண்டுமா?

மறுமொழி 1:
முழுச் சுற்று 11, 12 கி.மீ. வரும். 5 வயதுக் குழந்தையோடு வேண்டாம். ஏரியே 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சமவெளியிலிருந்து வந்த மறுநாளே நடந்தால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். தவிர, கிழக்குக் கரைப் பாதை பல இடங்களில் ரோட்டை ஒட்டியே போகும். பார்க்க வேண்டியதெல்லாம் மேற்கில்தான்.

காலையில் முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்து மேற்குக் கரைக்குப் போங்கள். ஒருவழி டிக்கெட் போதும். துறையிலிருந்து ஹிடன் அருவி ஒரு கி.மீ.க்குள். இன்ஸ்பிரேஷன் பாயின்ட் என்ற காட்சிமுனை அதற்கு மேலே, வளைந்து வளைந்து ஏறும் செங்குத்துப் பாதை. பார்த்துவிட்டுத் தெற்குக் கரை வழியாக நடந்தே திரும்பலாம், துறையிலிருந்து மூன்று கி.மீ. சொச்சம். மாலை வரிசையில் நிற்க வேண்டாம், கடைசிப் படகு போய்விடுமோ என்ற பதற்றமும் இல்லை. வண்டி நிறுத்துமிடம் சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால் எப்படியும் விடியலிலேயே வர வேண்டியிருக்கும்.

மறுமொழி 2:
பிள்ளைகளுக்கு மேலே சொன்னது சரி. அம்மாவுக்கு ஒத்துவராது. களைத்த காலோடு மூன்று கி.மீ. நடப்பதுதான் முழங்காலைப் பிடிக்கும். அவருக்குப் போகவர டிக்கெட் எடுங்கள். அருவி வரை போதும். இரண்டு ஊன்றுகோல் கொடுங்கள், இறங்கும்போது வழக்கத்தைவிட ஐந்து முதல் பத்து செ.மீ. நீட்டிவையுங்கள். கோல் குட்டையாக இருந்தால் முன்னால் குனிய நேரிடும், எடை முழுக்க முழங்காலில்தான் விழும்.

இன்ஸ்பிரேஷன் பாயின்ட்டுக்குக் கடைசியில் பாறையை ஒட்டிய குறுகலான பாதை. ஒரு பக்கம் சரிவு. சின்னவளைப் பாறைப் பக்கமாகக் கைபிடித்து நடத்துங்கள்; எதிரே ஆள் வந்தால் பாறையோடு ஒண்டி நின்று வழி விடுங்கள். ஒருவர் பெரியவனோடு மேலே போக, மற்றவர் அருவியிலேயே இருப்பது இன்னும் நல்லது. நண்பகலுக்குள் கீழே வந்துவிடுங்கள். ஜூலையில் மதியத்துக்கு மேல் இடிமழை திடீரென்று பிடிக்கும், அந்த மொட்டைப் பாறையில் ஒதுங்க இடமில்லை. காலையில் வெயில் அடித்தாலும் மழைச்சட்டையை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மறுமொழி 3:
ஸ்ப்ரே கண்டிப்பாக வேண்டும். கருங்கரடி, கிரிஸ்லி இரண்டும் அங்கே உண்டு. விமானத்தில் கொண்டுவர முடியாது, போய்த்தான் வாங்க வேண்டும். டப்பாவில் காலாவதித் தேதியைப் பாருங்கள். பைக்குள் போட்டால் இருந்தும் பயனில்லை; இடுப்பிலோ நெஞ்சுப் பட்டையிலோ, கை உடனே போகும் இடத்தில் மாட்டுங்கள். பாதுகாப்புக் கிளிப்பை ஒரே கையால் கழற்றப் பழகிக்கொள்ளுங்கள். கரடி பாய்ந்து வந்தால் 30 முதல் 60 அடி தூரத்தில் இருக்கும்போதே, அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே பார்த்து அடியுங்கள். அந்தப் புகைக்குள் அது ஓடி வர வேண்டும். கொசு மருந்து போல உடம்பில் அடித்துக்கொள்ளக் கூடாது. ஓடவும் கூடாது.

கரடி, ஓநாயிடமிருந்து 100 கெஜம், மூஸ் (மிகப் பெரிய மான் வகை) உள்பட மற்றவற்றிடமிருந்து 25 கெஜம் தள்ளியிருப்பது பூங்கா விதி. குட்டியோடு இருக்கும் மூஸை இன்னும் தள்ளி நின்றே பாருங்கள். புதர் அடர்ந்த வளைவுகளில் பேசிக்கொண்டே நடங்கள், பிள்ளைகளை முன்னால் ஓட விடாதீர்கள். சாப்பாட்டுப் பையைப் பாறைமேல் வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போனால் அணில்கள் ஜிப்பைக் கடித்துத் திறந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாமா?

மறுமொழி 2:
ஜென்னி ஆழமானது, கோடையிலும் உறைய வைக்கும் குளிர். பக்கத்து ஸ்ட்ரிங் ஏரிக்குப் போங்கள். ஆழம் குறைவு, தண்ணீரும் அவ்வளவு சில்லென்று இருக்காது. எந்த ஓடைத் தண்ணீரையும் வடிகட்டாமல் குடிக்க விடாதீர்கள், ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றும். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர், பிள்ளைகளுக்கு முக்கால் லிட்டர் கையில் இருக்கட்டும்.