"ஹெட்" என்ற ஒரே சொல்: பம்பில், மதகில், நெல்லில் தமிழில் எப்படி எழுதுவது?

வெண்ணாற்றங்கரை:
திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகளுக்காக ஓர் ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். "ஹெட்" பக்கத்துக்குப் பக்கம் வருகிறது: ஹெட் ரெகுலேட்டர், ஹெட் ரீச், பம்புக்கு 12 மீட்டர் ஹெட், நெல்லில் 50 சதவீத ஹெட்டிங், ஹெட் ரைஸ், 200 ஹெட் ஆடு. மொழிபெயர்ப்பு மென்பொருள் பெரும்பாலும் "தலை" என்றே போட்டுவிட்டது. எங்கே சரி, எங்கே தப்பு?

தலைமடை:
வாய்க்கால் சங்கதியில் தலை சரிதான் ஐயா. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடம் தலைப்பு, அங்கே இருப்பது தலைப்பு மதகு. வாய்க்காலின் தொடக்கப் பகுதியான ஹெட் ரீச் தலைமடை, கடைசிப் பகுதியான டெயில் எண்ட் கடைமடை. சொல் நம்மிடமே இருக்கும்போது புதிதாக உருவாக்க வேண்டாம்.

ஆனால் அதே அத்தியாயத்தில் "1 மீட்டர் ஹெட்" என்று வந்தால் அது இடம் இல்லை, நீர்மட்ட வேறுபாடு. மூழ்கிய ஷட்டரில் மேல்புறத் தண்ணீருக்கும் கீழ்ப்புறத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம். திறப்பு மாறாமல் இருந்தால் பாயும் அளவு இந்த உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 1 மீட்டர் 25 சென்டிமீட்டராக இறங்கினால் தண்ணீர் பாதியாகிவிடும். ஷட்டரைத் தொடாமலே கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே "தலை" என்று எழுதினால் பத்தியே புரியாது.

பில்டர் பாயிண்ட்:
பம்பிலும் உயரம்தான், "மொத்த ஏற்ற உயரம்" என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் "ஹெட்" என்றும் போடுங்கள். கடையில் அப்படித்தான் கேட்பார்கள். மூன்றையும் கூட்ட வேண்டும்: பம்புக்குக் கீழே தண்ணீர் மட்டம் வரை, பம்பிலிருந்து குழாய் ஊற்றும் இடம் வரை, குழாயிலும் அதன் வளைவுகளிலும் (பெண்ட்) உராய்வால் போவது. 5.5 + 2 + 1.5 என்றால் 9 மீட்டர்.

பலரும் இதை ஆழ்துளைக் கிணற்றின் (போர்) ஆழம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 30 மீட்டர் ஆழ போருக்கு 30 மீட்டர் ஹெட் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ளது) வாங்கி 9 மீட்டரில் ஓட்டினால், பம்பு அளவுக்கு மீறித் தள்ளும், மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) கருகும். உறிஞ்சும் பக்கம் 6, 7 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதைத் தனி வரியாகவே போடுங்கள். அது வேறு வரம்பு.

குறுவை110:
நெல் அத்தியாயத்தில்தான் பெரிய ஆபத்து. "ஹெட்டிங்" என்பதை மென்பொருள் "தலைப்பு" ஆக்கியிருக்கும். டெல்டாவில் படிப்பவர் வாய்க்கால் தலைப்பு என்றே நினைப்பார். அது கதிர் வெளிவரும் பருவம். தொண்டைக்கதிர், அதாவது கதிர் இன்னும் இலை உறைக்குள் இருப்பது, அதற்கு முந்திய கட்டம், கலக்காதீர்கள். 110 நாள் ரகத்தில் சுமார் 80ஆம் நாள்; அதிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள். அப்போது வயல் காய்ந்தால் பதர் கூடும்.

ஹெட் ரைஸ் "முழு அரிசி". முழு நீளத்தில் முக்கால் பங்குக்குக் குறையாததும் இதில் சேரும் என்று முதலில் வரும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். சதவீதம் நெல் எடைக்கா, அரிசி எடைக்கா என்றும் பாருங்கள்: 100 கிலோ நெல்லில் 65 கிலோ அரிசி, அதில் 50 கிலோ முழுசு என்றால் நெல் எடைக்கு 50, அரிசி எடைக்கு 77. உச்சி வெயிலில் தார்ச்சாலையில் மெல்லிசாகப் பரப்பினாலும், காய்ந்த மணி பனியில் மறுபடி நனைந்தாலும் அரிசியில் விரிசல் விழும். அரவையில் நொய் கூடும்.

வெண்ணாற்றங்கரை:
நன்றி ஐயா. ஆயில் எஞ்சின் பக்கத்தில் "சிலிண்டர் ஹெட்" இருக்கிறதே?

பில்டர் பாயிண்ட்:
அதைச் சிலிண்டர் ஹெட் என்றே விடுங்கள், மெக்கானிக்குக்கு வேறு பேர் தெரியாது. ஆடு "200 உருப்படி". தேடும்போது பக்கத்தில் நிற்கும் அலகைப் பாருங்கள்: மீட்டர் என்றால் உயரம், நாள் என்றால் கதிர், சதவீதம் என்றால் கதிரா அரிசியா என்று முன்வரியைப் படித்துவிட்டு எழுதுங்கள்.