புதுப்பிப்பு: டிகிரி முடிச்சிட்டு எஸ்டேட் ஏஜென்ட் வேலைக்குப் போலாமான்னு கேட்டிருந்தேனே

எட்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன், எகனாமிக்ஸ் படிச்சிட்டு வீடு விக்கிற ஏஜென்சில சேர்ந்தா படிப்பு வீணாப் போயிடுமான்னு. சேர்ந்துட்டேன். "கமிஷன் எப்போ கைக்கு வரும்னு முதல்ல கேளு"ன்னு சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றி, ஏன்னா வாங்குறவர் சரின்னு சொன்னதும் டீல் முடிஞ்சிடாது, லோன் அப்ரூவ் ஆகணும், வக்கீல் டாக்குமென்ட் பாக்கணும், இன்ஸ்பெக்ஷன்ல சுவர்ல ஈரம் விரிசல்னு வந்தா திரும்ப விலை பேசணும், இதெல்லாம் தாண்டி வீடு கைமாறுனப்புறம் தான் எங்க கமிஷன். மூணு மாசம் அலைஞ்ச ஒரு டீல் கடைசி வாரத்துல போச்சு, அன்னிக்கு நெஜமாவே உடைஞ்சு போயிட்டேன்.

படிப்பு வீணாகல. பக்கத்துல சமீபத்துல வித்த வீடுகளோட விலைய ஒப்பிட்டு, சைஸ், வயசு, ரிப்பேர் எல்லாம் கணக்குல எடுத்து மதிப்பு சொல்றது எனக்கு அவ்ளோ பிடிச்சிருக்கு. ஆனா லிஸ்டிங் (வீட்ட வித்துத் தரச் சொல்லி ஓனர் ஏஜென்ட்கிட்ட குடுக்கிறது) கிடைக்கணும்னே விலைய ஏத்தி சொல்ற ஏஜென்ட்டுங்க இருக்காங்க. வீடு மாசக்கணக்கா விக்காம நிக்கும், அப்புறம் ஓனரே குறைக்க வேண்டி வரும், பாவம். நான் அதைச் செய்ய மாட்டேன்னு மேனேஜர்கிட்டயே சொல்லிட்டேன்.

சனி ஞாயிறு லீவு கிடையாது, வீடு பாக்க வர்றவங்களுக்கு அன்னிக்கு தான நேரம். அடுத்து வேல்யூவேஷன், அதாவது சொத்துக்கு மதிப்பு போடுற பரீட்சைக்குப் படிக்க ஆரம்பிச்சிருக்கேன், அது முடிஞ்சதும் எழுதுறேன்.