பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி: புதுப்பிப்பு

மலிவாக வாங்கிய பழைய வண்டி, சூடேறியதும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே உறுமுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர்தான் காரணம் என்று பலரும் சொன்னீர்கள். பிரித்துக் கழுவினேன், உறுமல் அடங்கவில்லை.

குற்றவாளி கிராங்க் ஆயில் சீல், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் கலவை, அந்தத் தண்டு இருக்கும் அறையான கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகிறது. ரப்பர் இறுகிப்போன சீல் வெளிக்காற்றை உள்ளே விட்டிருக்கிறது. காற்று மிகுந்த கலவை வேகத்தைக் கூட்டுவதோடு நிற்காது. சூட்டில் பிஸ்டனையே சிலிண்டருக்குள் இறுகிப் பிடிக்க வைத்துவிடும். உறுமும் வண்டியை ‘ஓடத்தானே செய்கிறது’ என்று ஓட்டாதீர்கள்.

இரு பக்கமும் புதுச் சீல் போட்டாயிற்று. இப்போது நிதானமாக நின்று துடிக்கிறது. டேங்க்கின் உள்துரு வினிகரில் ஊறுகிறது. அடுத்து பிரேக் ஷூ. பெயின்ட்டைத் தொடுவதாக இல்லை. பளபளப்புப் பிரியர்கள் மன்னிக்கவும்.